புருஷன் முகத்தை எப்போது காட்டுவார்கள்? ‘இன் த மூட் ஃபார் லவ்’ திரையிடல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பனியன் கம்பெனிகள் நிறைந்த கொங்கு வட்டார ஊர் ஒன்றில் சிறிய திரைப்பட வட்டம் ஒன்று இயங்கி வருகிறது. மாதம் ஒரு படம், ஞாயிறு மாலை, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், வாடகை புரொஜக்டர். சனிக்கிழமை வாரச் சம்பள நாள் என்பதால் அன்று யாரும் வர மாட்டார்கள். வருகிறவர்களில் பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கட்டிங் மாஸ்டர்கள், விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவர்கள் என்று எல்லாத் தரப்பினரும் உண்டு. பெண்கள் குறைவு.

அதுவரை திரையிட்டவை பெரும்பாலும் ஈரானியப் படங்களும் இத்தாலிய நியோ ரியலிசப் படங்களும்தான். வறுமை, குழந்தை, சைக்கிள் என்று கதை கைக்கு அகப்படும் வகை. இந்தப் பார்வையாளர்களுக்கு அவை சுலபமாகப் பிடித்தன. ‘ஸ்டைலான’ படம் ஒன்றைப் போட்டால் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற கேள்வி வட்டத்துக்குள் வெகுநாளாக இருந்தது. மாணவர்கள் கேட்ட படம் வோங் கார்-வாயின் ‘இன் த மூட் ஃபார் லவ்’. 2000-இல் வெளியான ஹாங்காங் படம்.

அதே படம் இரண்டு முறை திரையிடப்பட்டதையும், இரண்டு முறையும் பார்வையாளர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதையும் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். யாருடைய பெயரும் ஊரும் குறிப்பிடப்படவில்லை. கலந்துரையாடலில் எடுத்த குறிப்புகளும், பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகளுமே ஆதாரம்.

படம்: தேவையான அளவுக்கு

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1962, ஹாங்காங். ஷாங்காயிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு கட்டடம். அடுத்தடுத்த இரண்டு வீடுகளில், ஆளுக்கொரு அறையில், இரண்டு தம்பதிகள் ஒரே நாளில் வாடகைக்கு வருகிறார்கள். திருமதி சான் கப்பல் கம்பெனியில் செக்ரட்டரி. திரு சோ பத்திரிகைக்காரர். மேகி சியுங்கும் டோனி லியூங்கும் நடித்திருக்கிறார்கள். தன் கணவருக்கும் திரு சோவின் மனைவிக்கும் தொடர்பு இருக்கிறது என்று திருமதி சானும், தன் மனைவிக்கும் அவள் கணவருக்கும் தொடர்பு என்று திரு சோவும் தெரிந்துகொள்கிறார்கள். அது எப்படி ஆரம்பித்திருக்கும் என்று இருவரும் நடித்துப் பார்க்கிறார்கள். நடிப்பு நடிப்பாக மட்டும் நிற்பதில்லை.

துரோகம் செய்த இருவரின் முகத்தையும் கேமரா கடைசி வரை சரியாகக் காட்டாது. முதுகு தெரியும், குரல் கேட்கும், அவ்வளவுதான். நேரடியாகச் சொல்லப்படுவது மிகக் குறைவு. கைப்பை, கழுத்து டை, ஜப்பானிலிருந்து வந்த மின்சாரச் சோற்றுப் பானை போன்ற பொருட்கள்தான் கதையை நகர்த்துகின்றன. டோனி லியூங்குக்கு 2000 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பிபிசி 2016-இல் விமர்சகர்களிடம் நடத்திய 21-ஆம் நூற்றாண்டுப் படங்களுக்கான கருத்துக்கணிப்பில் இரண்டாம் இடம்.

இந்தக் கடைசித் தகவல்தான் வாட்ஸ்அப் அழைப்பிதழின் முதல் வரியானது. ‘உலகின் தலைசிறந்த காதல் படங்களுள் ஒன்று’ என்று அடுத்த வரி. விளைவை அடுத்து பார்க்கலாம்.

முதல் திரையிடல்: கண்டவை

வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். காதல் படம் என்பதால் சிலர் மனைவியை அழைத்து வந்திருந்தார்கள். ஒருவர் கல்லூரி படிக்கும் மகளோடு வந்தார்.

தொடக்கத்திலேயே சிக்கல் வந்தது. இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் குடிவருகின்றன. சுமை தூக்குகிறவர்கள் ஒரு வீட்டுச் சாமானை இன்னொரு வீட்டில் வைத்துவிடுகிறார்கள். குறுகிய நடையில் ஆட்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். கேட்கும் பேச்சில் பாதி கான்டனீஸ், பாதி ஷாங்காய்ப் பேச்சு. படிக்க வேண்டியது ஆங்கில சப்டைட்டில். புரொஜக்டர் இயக்கியவர் திரை நிறையட்டும் என்று ஜூம் வைத்திருந்ததால் சப்டைட்டிலின் கீழ்வரி சில இடங்களில் பாதி அறுந்து போனது. யார் எந்த வீடு, யார் யாருடைய மனைவி என்பது அரங்கில் பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் சத்தமாகவே கேட்டார்: “அந்தப் புருஷன் மூஞ்சிய எப்பங்க காட்டுவாங்க?” சிரிப்பு எழுந்தது. கேட்டவர் கேலிக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே காத்திருந்தார்.

அவள் தூக்குப் போணியோடு நூடுல்ஸ் வாங்கப் படியிறங்கும் காட்சி மெதுவாக நகரும். வயலின் இசை மூன்று எண்ணிக்கையில் வால்ட்ஸ் நடையில் வரும். ஷிகேரு உமெபயாஷி வேறொரு ஜப்பானியப் படத்துக்காகப் போட்ட இசை அது. இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இசை தொடங்கும்போதெல்லாம் முன்வரிசை மாணவர்களின் செல்போன்கள் உயர்ந்தன, ரீல்ஸுக்காக. அதே நேரம் பின்வரிசைக்காரர்கள் டீக்கு எழுந்தார்கள். ஒரே காட்சிக்கு அரங்கின் இரண்டு முனைகளிலும் நடந்ததை ஓரமாக நின்று பார்க்க முடிந்தது.

அரங்கம் முழுக்க ஒன்றாக உயிர்பெற்ற இடம் ஒன்று உண்டு. அவள் திரு சோவின் அறையில் இருக்கும்போது வீட்டுக்காரர்கள் எதிர்பாராமல் திரும்பி வந்து மாஜோங் ஆட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆட்டம் விடிய விடிய நீளுகிறது. வெளியே போனால் பார்த்துவிடுவார்கள், ஆகவே அவள் உள்ளேயே அடைந்து கிடக்கிறாள். தப்பு எதுவும் நடக்கவில்லை. ஆனால் வெளியே வர முடியாது. இங்கே லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பக்கமிருந்து வந்த சிரிப்பில் பதற்றமும் கலந்திருந்தது. “ஐயோ, செருப்பு வெளிய கிடக்குமே” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேட்டது.

அந்தக் காட்சி முடிந்ததும் வழக்கப்படி இடைவேளை விடப்பட்டது. 98 நிமிடப் படத்துக்கு இடைவேளை தேவையா என்று ஒருவர் ஆட்சேபித்தார். டீ வந்துவிட்டது, ஆறிவிடும் என்பதால் விடப்பட்டது. டீ குடிக்கக் கீழே போனவர்களில் ஏழெட்டுப் பேர் திரும்பவில்லை.

கலந்துரையாடல்

முதல் கருத்துகள் எதிர்பார்த்தவைதான். கதையே இல்லை. ரொம்ப ஸ்லோ. ஒரு முத்தம்கூட இல்லாமல் என்ன காதல் படம்? மாணவர்கள் பதிலுக்குக் கேமராக் கோணங்களையும், கண்ணாடிகளுக்குள்ளும் கதவு நிலைகளுக்கு நடுவிலும் முகங்களை வைத்திருக்கும் விதத்தையும் பேசினார்கள். பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து கொஞ்ச நேரம் ஒன்றோடொன்று தொடாமல் ஓடியது.

இடையில் அங்கோர் வாட் வந்தது. படத்தின் இறுதியில், 1966-இல், திரு சோ கம்போடியாவின் அந்தக் கோயில் சுவரில் ஒரு துளைக்குள் ரகசியம் சொல்கிறார். அதைக் கட்டியது தமிழர்தான் என்று ஒருவர் தொடங்கினார். இல்லை, கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டு என்று வரலாற்று ஆசிரியர் ஒருவர் மறுத்தார். விவாதம் அங்கேயே சுற்றியது. நம் ஊர்க் கூட்டங்களில் கோயில் வந்துவிட்டால் படம் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

திருப்பம் அதற்குப் பிறகு வந்தது. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர், அதுவரை பேசாமல் இருந்தவர், சொன்னார்: “அந்தப் பொண்ணு அதே நடையில போயிட்டு வந்துட்டே இருக்குது, நமக்கு ஒரே நாள் மாதிரி தெரியுது. ஆனா டிரஸ் மாறுதுல்லீங்க. டிசைன் மாறுனா நாள் மாறிருச்சுன்னு அர்த்தம். நான் அத வெச்சுத்தான் பார்த்தேன்.”

அவர் அதோடு நிற்கவில்லை. அவள் அணியும் சியோங்சாம் என்ற சீன உடையின் காலர் உயரமும் விறைப்பும் அவரைக் கவர்ந்திருந்தன. அந்தக் காலர் போட்டால் தலையைக் குனிய முடியாது, சாய்ந்து உட்கார முடியாது, அழுதாலும் நிமிர்ந்துதான் அழ வேண்டும் என்றார். தன் சட்டைக் காலரை விரலால் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். மாணவர்கள் அதுவரை பேசிய எந்தக் கோணத்தையும்விட இது படத்துக்கு அருகில் இருந்தது. ‘ஸ்லோ’ என்று சொன்னவர்களில் சிலர், ஒரே நாள் மாலையைத் திரும்பத் திரும்பக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. அவர்களைப் பொறுத்தவரை படம் நகரவே இல்லை. மற்றவர்களுக்கு மாதங்கள் ஓடியிருந்தன.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒத்திகைக் காட்சிகளில். கணவனிடம் எப்படிக் கேட்பது என்று அவள் பழகிப் பார்க்கும் காட்சியில் எதிரே இருப்பவரின் முதுகுதான் முதலில் தெரியும். கணவன் வந்துவிட்டான் என்றே தோன்றும். பிறகுதான் அது திரு சோ என்று தெரியும். சப்டைட்டிலோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் அந்த ‘பிறகு’வைத் தவறவிட்டிருந்தார்கள். பிரிவை ஒத்திகை பார்க்கும் காட்சியில் அவள் தேம்பி அழுவதைக் கண்டு அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்திருந்தார்கள். அதன் பிறகு வந்ததெல்லாம் அவர்களுக்கு ஒட்டுப்போட்ட வால் மாதிரி தெரிந்திருக்கிறது.

இரண்டு கருத்துகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா திருமதி சுவென், அடிக்கடி வெளியே போகாதே என்று அவளுக்குப் புத்தி சொல்லும் காட்சி பற்றி ஒரு பள்ளி ஆசிரியை: “அந்தம்மா திட்டவே இல்ல. அக்கறையாத்தான் பேசுது. அதான் பயமா இருக்குது.” அவரே இன்னொன்றும் சொன்னார்: “தப்புப் பண்ணுனவங்க மூஞ்சியவே காட்டல. தப்புப் பண்ணாதவங்கதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு நடக்கறாங்க.” பின்வரிசைக்காரர் கேட்ட கேள்விக்கு அன்று கிடைத்த ஒரே பதில் இது.

இரண்டாவது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எழுதித் தந்த சீட்டு. இவ்வளவு அழகு துயரத்தை மூடிவிடுகிறது என்பது அவர் கருத்து. எல்லாமே புடவைக்கடை விளம்பரம்போல் ஜொலிப்பதால் யாருக்காகவும் மனம் நோகவில்லை என்று எழுதியிருந்தார். மாணவர்கள் இதைப் ‘பழைய காலத்து’ பேச்சு என்று தள்ளினார்கள். அப்படித் தள்ளக்கூடிய கருத்தல்ல இது. இந்தப் படத்தின் மீது வைக்கக்கூடிய ஆகக் கடுமையான குற்றச்சாட்டே அதுதான். அவர் படத்தைச் சரியாகப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார் என்பதும் முக்கியம்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. படம் பிடிக்காதவர்களில் கணிசமானவர்கள் நிராகரித்தது இந்தப் படத்தையே அல்ல. யார் யார் என்று தெரியாமல் பார்த்த வேறொரு படத்தை. மெதுவாக இருக்கிறது என்ற புகாரும் ஆள் குழப்பமும் பெரும்பாலும் ஒரே சீட்டுகளில் இருந்தன. படத்தின் ஸ்டைல் பொதுமக்களுக்கு எட்டாது என்று நிர்வாகிகள் சிலர் சொன்ன விளக்கத்துக்குச் சீட்டுகளில் ஆதாரம் இல்லை. கட்டிங் மாஸ்டர் அதற்கு நேர் எதிரான சாட்சி.

அதனால் சில மாதம் கழித்து அதே படத்தை மீண்டும் திரையிடுவது என்று முடிவானது. அழைப்பிதழில் தரவரிசையும் ‘தலைசிறந்த காதல் படம்’ என்ற வரியும் நீக்கப்பட்டன. அந்த வரி பார்வையாளர்களைப் பரீட்சை எழுத வைத்தது, அல்லது ஏமாந்ததாக உணரச் செய்தது. இரண்டு மாணவிகள் தமிழ் சப்டைட்டில் தயாரித்தார்கள். வசனம் குறைவான படம் என்பதால் இது நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. ஜூம் எடுக்கப்பட்டது, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும் என்று. இடைவேளை கிடையாது, டீ முன்கூட்டியே.

சண்டை வந்தது அறிமுக உரை பற்றித்தான். படம் வேண்டுமென்றே மறைப்பதை நாம் முன்கூட்டியே சொன்னால் பிறகு எதற்குப் படம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எதிர்த்தார். நியாயமான எதிர்ப்பு. ஒரு நடுவழி எட்டப்பட்டது: கரும்பலகையில் இரண்டு வீடுகளையும் வரைந்து யார் எங்கே என்று காட்டுவது, துணைவர்களின் முகம் வராது என்று சொல்லிவிடுவது, உடை மாறினால் நாள் மாறியதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. ஒத்திகை பற்றி மட்டும் வாயே திறக்கக் கூடாது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. இறுதியில் அவளோடு ஒரு சிறுவன் இருக்கிறான். யாருடைய மகன் என்று முதல் முறை பலர் கேட்டார்கள். நெருக்கமான காட்சி ஒன்றைப் படமாக்கிவிட்டு இயக்குநர் இறுதித் தொகுப்பில் வெட்டிவிட்டார் என்பது படத்தைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லலாமா என்ற யோசனை வந்தது. சொன்னால் விவாதம் முழுக்க அந்தக் காட்சியைச் சுற்றியே போகும், தவிர வெட்டப்பட்டது படத்தில் இல்லாதது, ஆகவே வேண்டாம் என்று விடப்பட்டது.

இரண்டாம் திரையிடல்

பழையவர்கள் பாதி, புதியவர்கள் பாதி. எழுந்து போனவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். முகம் எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. உணவகத்தில் அவளுடைய கைப்பையும் அவருடைய டையும் பேசப்படும் இடத்தில், முதல் முறை நிலவிய மந்தமான அமைதிக்குப் பதிலாக, அரங்கம் கூர்ந்து கவனித்தது. ஒத்திகைக் காட்சியில் முதுகு திரும்பி முகம் தெரிந்ததும் “அட” என்ற ஒலி பல இடங்களிலிருந்து வந்தது. அதைச் சொல்லாமல் விட்டது சரியான முடிவு என்பதற்கு அந்த ஒலியே போதும்.

கலந்துரையாடலில்தான் எதிர்பாராதது நடந்தது. பேசியவர்கள் அநேகமாக எல்லோரும் உடைகளைப் பற்றிப் பேசினார்கள். பூப்போட்டது எந்த நாள், கோடுபோட்டது எந்த நாள், எத்தனை உடை என்று எண்ணியவர்கள்கூட உண்டு. முதல் முறை ஒரு மனிதரின் தொழிலறிவிலிருந்து தானாக வெளிவந்த பார்வை, இப்போது முன்பே கொடுத்துவிட்ட விடையாகத் திரும்பி வந்தது. கட்டிங் மாஸ்டர் இந்த முறையும் வந்திருந்தார், பேசவில்லை. பேச மீதி எதுவும் இல்லை என்று வெளியே வந்தபோது சிரித்தார்.

வீட்டுக்காரம்மா காட்சி தானாக எழவில்லை. நெறியாளர் கேட்ட பிறகே இரண்டு பேர் பேசினார்கள். அழகு துயரத்தை மூடுகிறது என்ற கட்சியும் இம்முறை இல்லை. தமிழாசிரியர் வரவில்லை, வேறு யாரும் அதை எடுக்கவில்லை. முதல் முறை இருந்த சண்டை சச்சரவு அடங்கி, எல்லோரும் படத்தைப் பாராட்டிவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஒருவர் விதிவிலக்கு. முதல் முறை டீக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஒருவர் இம்முறை கடைசி வரை உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “இப்பப் புரிஞ்சுதுங்க. புரிஞ்சும் புடிக்கல. ரெண்டு பேரும் வாயத் தொறந்து சொல்லியிருந்தா ஒரு குடும்பமாச்சும் உருப்பட்டிருக்கும்.” அரங்கம் சிரித்தது. அவரோடு வாதாட மாணவி ஒருத்தி எழுந்தாள். சொல்லாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்கிறீர்களா, கௌரவம் என்கிறீர்களா என்று கேட்டாள். அன்று நடந்த உண்மையான உரையாடல் அந்த இருவருக்கும் இடையில்தான். மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கும் வரை நீண்டது.

ஆய்வின் எல்லை

இரண்டு திரையிடல்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. முதல் முறை ஓடியது பழைய டிவிடி. இரண்டாம் முறை 2020-இல் இயக்குநரின் மேற்பார்வையில் செய்யப்பட்ட 4கே மறுசீரமைப்பிலிருந்து வந்த பிரதி. அந்த மறுசீரமைப்பில் பச்சைச் சாயல் கூடியிருப்பதாக வெளியுலகிலும் பேச்சு உண்டு. நம் அரங்கிலும் இரண்டு பேர் நிறம் வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள். தமிழ் சப்டைட்டில், புதிய பிரதி, இடைவேளை இல்லாமை, அறிமுக உரை நான்கும் ஒரே நாளில் மாறியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சப்டைட்டில்தான் அதிகம் உதவியது என்பது இதை எழுதுகிறவரின் கணிப்பு. சீட்டுகளில் அதிகம் நன்றி சொல்லப்பட்டதும் அதற்குத்தான்.

மாற்ற வேண்டியவை

தமிழ் சப்டைட்டில் இனி எல்லாப் படத்துக்கும் என்று வட்டம் தீர்மானித்திருக்கிறது. இடைவேளை நூறு நிமிடத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு மட்டும். செல்போனில் படம் பிடிப்பது பற்றி ஒன்றும் முடிவாகவில்லை. அந்த ரீல்ஸைப் பார்த்துத்தான் புதியவர்கள் சிலர் இரண்டாம் முறை வந்தார்கள்.

அறிமுக உரையில் யார் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லக் கூடாது. உடை பற்றிச் சொன்னதைத்தான் முதலில் நீக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல். பிடிக்காதவர்கள் எழுதிய சீட்டுகளைக் கலந்துரையாடலின் தொடக்கத்திலேயே படிப்பது என்றும் முடிவானது. இரண்டாம் முறை பேச்சு சப்பென்று போனதற்கு எதிர்க்கட்சி இல்லாததே காரணம்.

கரும்பலகை வரைபடமும் தேவையில்லை, முதல் கால் மணி நேரம் குழம்புவதும் அந்தப் படத்தின் ஒரு பகுதிதான் என்று மூத்த உறுப்பினர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் ஏற்கவில்லை. அடுத்த மாதப் படத்துக்கு அறிமுகம் பேசும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறார்கள்.